ஷெரீப் அண்ணையின் தோலுறை

டென்மார்க்கின் சட்டத்தை அச்சொட்டாக மதித்து நடந்த ஆயுததாரி என்று ஒருவர் இருந்தாரென்றால், அவர் எங்கள் இக்காஸ்ட் நகரத்து ஷெரீப் அண்ணைதான். இடுப்பில் மாட்டுத்தோல் உறை. உறைக்குள் வெறும் காற்று. அந்தக் காற்றைக் காவிக்கொண்டு அவர் வேலைக்கு வந்தார், கடைக்குப் போனார், ஞாயிறு பூசையில் முழங்காலில் நின்றார், பிறந்தநாள் விழாக்களில் கேக்குக்குப் பின்னால் படத்துக்கும் நின்றார்.

ஷெரீப் என்பது அந்த உறையைக் கண்டு நாங்கள் வைத்த பட்டம். அவருடைய ஞானஸ்நானப் பெயர் பங்குச் சுவாமிக்கும் வரிக் கந்தோருக்கும் மட்டுமே தெரியும். நானும் அவரும் ஒரே துணித் தொழிற்சாலையில் வேலை, ஒரே மாடிக்கட்டடத்தில் குடியிருப்பு. அவர் துணிச் சுருள்களை இறக்குவார், நான் மெஷினில் தைப்பேன். அவருடைய மனைவி லூர்து அக்கா வாரத்தில் பாதி நாள் என் குசினியில் இருப்பார். மீதி நாள் நான் அவர் குசினியில். ஆகவே அந்தத் தோலுறை விவகாரத்தில் எனக்குத் தெரியாத சங்கதி ஒன்றுமில்லை என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் வேலையிடத்து டேனிஷ்காரர் ஒருவரால் வந்தது. அவர் சனிக்கிழமைகளில் தொப்பியும் நீளச் சப்பாத்தும் போட்டு கௌபோய் ஆகிவிடுகிற கழகமொன்றில் உறுப்பினர். கேக் தருவோம், வந்து பார் என்று அண்ணையைக் கூட்டிப்போனார். போன மனிதர் கேக்கை மறந்து ரிவோல்வரில் விழுந்துவிட்டார். பழைய மாதிரி ரிவோல்வர் அது. ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் பெருவிரலால் குதிரையை, அதாவது மேலே நிற்கிற சின்னச் சுத்தியலை, பின்னுக்கு இழுக்காவிட்டால் சுடாது. அடுத்த திங்கட்கிழமை இடைவேளையில் அண்ணை எங்களுக்கு அதைப்பற்றி ஒரு பிரசங்கமே வைத்தார்.

"கை தவறிச் சுடுபடாது பிள்ளை. ஒவ்வொருக்காலும் மனம் வைச்சு இழுக்கவேணும். இழுக்கிற நேரத்துக்குள்ள மனுசன் ஒருக்கா யோசிப்பான்."

ரிவோல்வர் கழகத்தின் இரும்பு அலுமாரியை விட்டு வெளியே வரக்கூடாது. இது சட்டம். அண்ணை சட்டத்தோடு மல்லுக்கட்டவில்லை. துவக்கு அலுமாரியில் இருக்கட்டும், உறையை மட்டும் நான் தினமும் கட்டுவேன் என்றார். வெறும் உறைதானே, எதையாவது வாங்கிக் கட்டிவிட்டுப் போகவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். கலியாணத்துக்குப் பெண் பார்த்தவர்கள்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.

கழகத்துக்காரர்களிடம் ஒவ்வொன்றாக இரவல் வாங்கிக் கட்டிப் பார்த்தார். முதலாவது தொடையோடு தாழ்வாகத் தொங்கி, கீழே கயிற்றால் கட்டுவது. படத்துக்கு எடுப்பு, பாட்டுக்கும் எடுப்பு, சயிக்கிளுக்குத்தான் ஆகவில்லை. மிதிக்கும் ஒவ்வொரு மிதிக்கும் தொடையில் அறைந்தது. வேலைக்கு வந்து சேர்ந்தபோது மனிதர் ஒரு பக்கமாகச் சரிந்து நடந்தார். இரண்டாவது மெல்லிய தோல், பஞ்சுபோல இருந்தது. ஆனால் உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் வாய் மூடிக்கொண்டது. அண்ணைக்கு அது பெருங்குறை. நல்ல உறையென்றால் வெறுமையாக இருந்தாலும் வாய் திறந்து நிற்கவேண்டுமாம்.

மூன்றாவது இடது பக்கம் முன்னால் சரித்துக் கட்டுவது. உருவம் கெடாமல் இருக்க அதற்குள் தமிழ்க்கடை வாழைக்காய் ஒன்றைச் சொருகிக்கொண்டு பூசைக்கு வந்தார். சுவாமி அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்றத்தில் எல்லோரும் முழங்காலில் இருந்த நேரம், வாங்கில் முட்டிய உறையிலிருந்து வாழைக்காய் துள்ளிப் பாய்ந்து முன்வரிசைவரை உருண்டது. அங்கே இருந்த டேனிஷ் அம்மா ஒருவர் அதை இரண்டு கையாலும் எடுத்து, எங்கள் ஆட்களின் காணிக்கை என்று நினைத்தோ என்னவோ, பயபக்தியோடு பீடத்துப் படியில் வைத்தார். சுவாமியும் அதைத் தாண்டித்தான் நற்கருணை கொடுக்க வந்தார்.

இதற்கிடையில் ஒருநாள் லூர்து அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடிவந்தார். மனிதருக்கு முற்றிவிட்டது என்றார். என்னவென்று கேட்டால், போனில் யாருக்கோ குதிரையைக் கட்டிவைக்கத் தோல்வார் வேண்டும் என்று சொன்னாராம்.

"மூண்டாம் மாடியில குதிரையை எங்க கட்டுறது பிள்ளை? பல்கனியிலயோ? புல்லுக்கு நான் எங்க போறது?"

ரிவோல்வரின் குதிரை துள்ளாமல் மேலால் மாட்டுகிற சின்ன வார்தான் அது என்று விளங்கப்படுத்தி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். அக்கா முழுதாக நம்பவில்லை. அன்றைக்குப் பல்கனிக் கதவைப் பூட்டித் திறப்பைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

கடைசியில் அண்ணை தடித்த தோலில், வலது இடுப்பில் உயரமாக நிற்கிற ஒன்றை எடுத்தார். அதை எடுத்த விதம்தான் விசித்திரம். தோல் பட்டறைக்கு என்னையும் கூட்டிப்போயிருந்தார். தோல் வேலைக்காரர் அளவுநாடாவோடு நிற்க, இவர் அந்தப் பட்டறைக்குள் மேலும் கீழும் நடந்தார். நடக்கும்போது கை எங்கே விழுகிறது பார், அங்கே உறையின் வாய் வரவேண்டும் என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் வேகமாக உருவிச் சுடுகிற வித்தையாக்கும் என்று நினைத்து, வில்லன் யார் அண்ணை, எங்கள் சூப்பர்வைசரா என்று பகிடி விட்டேன். அவர் சிரித்துவிட்டு இன்னொருமுறை நடந்தார்.

அன்றிலிருந்து அவருடைய வலது கை அந்த உறையின் விளிம்பிலேயே கிடந்தது. தூரத்து இஷொய் நகரில் இருக்கிற மகள் வந்தபோதெல்லாம், அப்பாவோடு வெளியே போக வெட்கமாக இருக்கிறது என்று டேனிஷில் சிணுங்கினாள். அண்ணை தமிழில் சிரித்தார்.

பிறகுதான் குடியுரிமை வந்தது. மொழிப் பரீட்சையில் விழுந்து விழுந்து எழும்பி, ஒருவழியாக எல்லாம் சரிவந்து, கொம்யூன் என்கிற நகரசபையின் மண்டபத்தில் நடக்கும் வைபவத்துக்கு அண்ணையை அழைத்திருந்தார்கள். அங்கே நகரசபை சார்பில் நிற்பவருக்குக் கைகொடுக்க வேண்டும். வெறுங்கையாக இருக்கவேண்டும், கையுறை கூடாது. கை கொடுக்காதவர் டேனிஷ் பிரசை ஆகமுடியாது. லூர்து அக்கா உறையைக் கழற்றி வையுங்கோ என்று கெஞ்சினார். அண்ணையோ, கையுறைதான் கூடாது, இடுப்புறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று வழக்காடினார்.

அக்காவுக்காக நானும் பேசிப் பார்ப்போம் என்று வேலை முடிந்து நடந்துவரும்போது வாயைத் திறந்தேன். ஒரு நாளைக்குத்தானே அண்ணை, இல்லாட்டி என்ன குடிமுழுகிப் போகும் என்றேன். அவர் நின்றார்.

"பிள்ளை, ஊரில சந்தியில மறிச்சு, துவக்கை நெஞ்சில வைச்சுக் கையைத் தூக்கச் சொன்னாங்கள். பொழுதுபடும் வரைக்கும் தூக்கினபடி நிண்டனான். பக்கத்தில நிண்டவன் களைச்சுப்போய்க் கையை இறக்கினான். அவனைப் பிறகு நான் காணேல்லை."

கொஞ்சத் தூரம் நடந்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இஞ்ச வந்தும், ஆரும் உத்தியோகத்தர் முன்னால வந்தால் ரண்டு கையும் தானா மேல போகுது. நான் தூக்கிறேல்லை. இதில போட்டு வைச்சால் கீழ நிக்குது."

எனக்கு அப்போதுதான் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. உறை கட்டத் தொடங்குவதற்கு முன், ரயிலில் டிக்கெட் பார்க்க வந்தவருக்கு முன்னால் கையை உயர்த்திக்கொண்டு நின்றது. தாதிக்கு முன்னால், பார்சல் கொண்டுவந்த பெடியனுக்கு முன்னால். மனிதர் கும்பிடுகிறார் என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். தோல் வேலைக்காரர் துவக்குக்கு உறை தைத்தார். அண்ணை தன் கைக்கு ஓர் இடம் தேடியிருக்கிறார். உறையைக் கட்டிக்கொண்டே வாங்கோ என்றேன்.

வைபவத்தன்று கோட்டுக்குக் கீழே கட்டிக்கொண்டுதான் வந்தார். வாசலில் நின்ற இளைஞன் மரியாதையான பிள்ளை. உறையைக் கண்டதும் முகம் மாறியது. வெறும் உறைதான் என்று அண்ணை டேனிஷில் சொல்லி, வாயைக் கவிழ்த்தும் காட்டினார். இளைஞன் எட்டிப் பார்த்து, வெறும் உறைதான் என்று ஒத்துக்கொண்டு, ஆனாலும் இதோடு உள்ளே விடமுடியாது, மன்னிக்கவேண்டும் என்றான். அண்ணை என்னைப் பார்த்தார். பெல்ட்டை அவிழ்த்து உறையை உருவி என்னிடம் தந்தார். என் கைப்பைக்குள் அது முழுதாக அடங்கவில்லை. வாய் வெளியே நின்றது.

பெயர் கூப்பிட்டார்கள். அந்த ஞானஸ்நானப் பெயரை டேனிஷ் வாயில் கேட்டபோது யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றே நானும் அக்காவும் இருந்துவிட்டோம். அண்ணை எழும்பிப் போனார். முன்னால் நின்றவர் நகரசபை உறுப்பினரான உயரமான பெண்மணி. கையை நீட்டினார். அண்ணையின் வலது கை இடுப்பைத் தடவியது. அங்கே ஒன்றுமில்லை. பிறகு அது மெல்ல மேலே போகத் தொடங்கியது, இடது கையும் கூடவே போனது. இரண்டு உள்ளங்கையும் காதுக்கு மேலே விரிந்து நின்றன.

லூர்து அக்கா செபமாலையைத் தேடிக் கைப்பையைக் கிண்ட, பல்கனித் திறப்பு கீழே விழுந்து சத்தம் போட்டது. இத்தனை வருடம் பட்ட பாடெல்லாம் இந்த இரண்டு கையில் தொங்குகிறதே, மாதாவே, இறக்கிவிடம்மா என்று நான் உள்ளுக்குள் கத்தினேன். அண்ணையின் கழுத்து வேர்த்திருந்தது பின்னாலிருந்தே தெரிந்தது.

அந்தப் பெண்மணி நீட்டிய கையைப் பார்த்தார், உயர்ந்த கைகளைப் பார்த்தார். தமிழர்கள் சந்தோசத்தைக் கொண்டாடும் முறை இதுதான் என்று நினைத்தாரோ தெரியாது. முகமெல்லாம் சிரிப்பாகத் தன்னுடைய இரண்டு கையையும் உயர்த்தி அண்ணையின் உள்ளங்கைகளில் பட்டென்று அடித்தார். மண்டபம் சிரித்துக் கைதட்டியது. தட்டிய கையை அவர் விடவில்லை. அண்ணையின் வலது கையைப் பிடித்துத் தோளுக்கு, பிறகு இடுப்புக்கு இறக்கி, ஒழுங்காக ஒருமுறை குலுக்கினார். அவ்வளவுதான், ஷெரீப் அண்ணை டேனிஷ் பிரசை.

வெளியே கார்த் தரிப்பிடத்தில் கைப்பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், வாங்கவில்லை. கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, என்ர கை மேல போன நேரம், முன்னால நிண்ட ஆளும் கையைத் தூக்கினது இதுதான் முதல் தரம்."

பிறகு அண்ணையும் அக்காவும் மகளோடு இருக்க இஷொய்க்குப் போனார்கள். உறை இன்னும் என்னிடம்தான். என் வீட்டுக் கோட்டுக்கொக்கியில் வாய் திறந்தபடி தொங்குகிறது. அண்ணை போன் எடுக்கும்போதெல்லாம் தோலுக்கு எண்ணெய் பூசினாயா என்று கேட்பார். நான் பூசாவிட்டாலும் பூசினேன் என்பேன்.

அவர்களை ரயில் ஏற்றிவிடப் போன நாளைத்தான் நான் அடிக்கடி நினைப்பேன். சீருடை போட்ட ரயில்காரர் ஒருவர் அண்ணையிடம் வந்து, இந்தப் பெட்டிகள் உங்களுடையதா என்று கேட்டார். அண்ணை ஓமென்று தலையாட்டினார். ஒரு கையில் பயணப்பை இருந்தது, மற்றக் கை காற்சட்டைப் பைக்குள் கிடந்தது. பெரியவர்களோடு கதைக்கும்போது பைக்குள் கை விடுவது மரியாதையில்லை என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். ஆனாலும் அன்றைக்கு, கடவுளே, அந்தக் கை அங்கேயே கிடக்கட்டும் என்று மன்றாடிக்கொண்டு, ரயில் மறையும்வரை மேடையில் நின்றேன்.