தாவீது எண்ணெயும் ஊதாக் கரைசலும்

தண்ணீரும் மஞ்சளாகிவிட்டது.

சாம்சன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். இரண்டு சோதனைக் குழாய்களிலும் ஊதாக் கரைசல்தான் ஊற்றியிருந்தார். ஒன்றில் அவருடைய நொச்சி எண்ணெய் ஒரு சொட்டு விட்டிருந்தார். மற்றதில் வெறும் தண்ணீர். ஆன்டிஆக்ஸிடன்ட் குணம் உள்ளது விழுந்தால்தான் ஊதா வெளுத்து மஞ்சளாகும். தண்ணீர் விட்ட குழாய் ஊதாவாகவே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

எதிரே அருணா உட்கார்ந்திருந்தாள். சென்னை சோப்பு கம்பெனி ஒன்றுக்கு எண்ணெய் வாங்கும் அதிகாரி. அவள் தலையசைத்தால், தேர்வாய் கண்டிகையின் இந்தச் சின்ன ஆலையின் பெயர் சோப்பு உறைமேல் ஏறும்: 'தாவீது நொச்சி எண்ணெய் கலந்தது.' தாவீது, சாம்சனின் அப்பா. அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர். அந்தப் பெயர் நாடு முழுக்கப் போகப்போகிறது என்று சாம்சன் ஞாயிற்றுக்கிழமையே கேக் வெட்டி சபை முழுவதற்கும் சொல்லிவிட்டார்.

எண்ணெயிலுள்ள வேதிப்பொருள்களில் சினியோல் எவ்வளவு, கேரியோஃபிலீன் எவ்வளவு என்று காட்டும் ஆய்வறிக்கையை அவர் மீண்டும் நீட்டினார். எண்ணெயில் என்ன இருக்கிறதென்று தெரிந்துவிட்டது, அது என்ன செய்கிறதென்று பார்க்கத்தான் வந்தேன் என்றாள் அருணா.

"தண்ணி வச்சு இதுக்கு முன்னாடி செஞ்சு பாத்ததில்லையா சார்?"

"தாவீது எண்ணெயத் தண்ணியோட ஒப்பிடறதா? எங்க குடும்பத்துல அந்தப் பழக்கமே இல்லம்மா."

குழாயில் அழுக்கிருக்கும் என்று முடிவுசெய்து, ஆலையில் கண்ணாடிச் சாமான் கழுவும் முத்தம்மாளை அழைத்து, நன்றாகத் தேய்த்துக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தாள். இந்தமுறை தண்ணீர் இன்னும் சீக்கிரம் மஞ்சளானது.

சாம்சன் முதுகை நிமிர்த்திக்கொண்டார். அப்பா நட்ட நொச்சி வேரோடிய மண் இது, அந்தக் குணம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலும் இறங்கியிருக்கிறது என்று விளக்கினார். அருணா கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் வாங்கிய தண்ணீர் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்து ஒரு சொட்டு விட்டாள். அதுவும் மஞ்சள்.

"இதுவும் உங்க மண்ணுதானா சார்?"

அப்படியானால் காற்றில் கலந்த நொச்சி ஆவிதான் காரணம் என்றார். ஆலையில் எண்ணெய் வடிப்பதை நிறுத்தச் சொன்னார், ஜன்னல்களை எல்லாம் திறந்தார், முத்தம்மாளை இன்னும் அழுத்தித் தேய்க்கச் சொன்னார். அருணா இந்தமுறை குழாயில் எதையும் விடவில்லை. ஊதாக் கரைசலை மட்டும் ஊற்றினாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது.

"உங்க எண்ணெய விட காலிக் குழாய் நல்லா வேலை செய்யுது சார். இத இன்னா விலைக்குத் தர்றீங்க?"

சாம்சன் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்தம்மாள் பக்கம் திரும்பினார்.

"நீ இன்னாம்மா போட்டுத் தேய்க்கிற?"

"எலுமிச்சம்பழத் தோலு சார். பளபளன்னு வருதே."

சாம்சன் வாய்விட்டுச் சிரித்தார். எலுமிச்சைக்கே ஆன்டிஆக்ஸிடன்ட் குணம் உண்டு, அதன் சாறு பட்டால் எந்தக் குழாயிலும் ஊதா நிற்காது. குற்றம் எலுமிச்சையுடையது, அப்பாவின் பெயருக்குப் பங்கமில்லை. வெறும் சோப்பு போட்டுக் கழுவிக் கொண்டுவா, தாவீது எண்ணெய் யாரென்று இந்த அம்மாவுக்குக் காட்டுகிறேன் என்று கம்பீரமாக உத்தரவிட்டார்.

முத்தம்மாள் நகரவில்லை.

"சோப்பு போட்டுக் கழுவிக்கினு இருந்தப்போ ஒரு வாட்டியாவது நம்ம எண்ணெ கலர மாத்திச்சா சார்? எலுமிச்சம்பழத்துக்கு மாறுனப்புறம்தான மஞ்சளாச்சுன்னு நீங்க கேக்கே வெட்டுனீங்க?"