இடமிருந்து நான்காவது ஆள்

ஒரே படத்தை இருநூற்றுப் பதினொரு தடவை பார்த்த மனிதர் இந்தத் தீவில் ஒருவர்தான் இருந்தார். அத்தனை தடவையும் அதைப் பாதிக்கு மேல் பார்க்காத மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். கணக்கு என்னுடையது. நான் எண்ணத் தொடங்குவதற்கு முன்னர் அவர் பார்த்தவை இதில் சேரா.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றிலிருந்த லொட்ஜில் நாங்கள் குடியிருந்தோம். நான் நில அளவையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். மகளிடம் போக விசா கிடைக்கும்வரை மூன்று மாதம் என்று வந்து, நான்கு வருடம் தங்கிவிட்டேன். பத்தொன்பது அறைகள், மூன்று குளியலறைகள், நாற்பத்திரண்டு படிகள். இருபத்தேழாவது படி மற்றவற்றைவிட அரை அங்குலம் உயரம். மனேஜரிடம் ஐந்து தடவை சொன்னேன். ஆறாவது தடவை அவர் என்னைக் கண்டதும் எழுந்து போய்விட்டார்.

பதினோராம் அறைக்காரரை எல்லோரும் மெக்சிக்கோ என்றுதான் சொல்வோம். "மெக்சிக்கோ குளிச்சிட்டாரோ?", "மெக்சிக்கோவுக்குச் சீனி இல்லாத தேத்தண்ணி." சொந்தப் பெயர் லொட்ஜ் பதிவேட்டில் இருந்தது. அது மனேஜருக்கே மறந்துவிட்டது. அறுபத்தெட்டு வயது. வெள்ளைச் சாரம், முழுக்கைச் சேர்ட், கழுத்துவரை பொத்தான். ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடை நடத்தியவர். சத்தம் போட்டுக் கதைக்கமாட்டார். ஆனால் பகல் பன்னிரண்டரைக்குக் கூடத்து டி.வி. அவருடையது. கிரிக்கெட் இறுதியாட்டம் நடந்தாலும் அவருடையதுதான்.

படம் மெக்சிக்கோவில் எடுத்தது, அந்தப் பக்கத்து மாயா இனத்தவரின் பழங்காலத்துக் கதை. காடு, கல்லால் கட்டிய கோபுரம், தலையில் இறகு கட்டிய அரசன். ஒரு நகரத்தார் இன்னொரு நகரத்தாரைப் பிடித்து, உடம்பெல்லாம் சுண்ணாம்பு பூசி, கயிற்றில் பிணைத்துக் கோபுரத்தின் படிகளில் ஏற்றுவார்கள். உச்சியில் பூசாரி ஒருவன் கல்லுக் கத்தியோடு நிற்பான். நெஞ்சைப் பிளந்து ஈரலையும் இதயத்தையும் கையில் எடுப்பான். படம் அந்த இடத்தை நெருங்குவது நாங்கள் சோற்றில் சொதி ஊற்றும் நேரத்தில்.

ஏழாம் அறையில், வெளிநாட்டிலுள்ள கணவனிடம் போகக் காத்திருந்த பெண் ஒருநாள் தட்டை மூடிவைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஐயா, சாப்பாட்டு நேரத்தில ஆக்களை வெட்டாதேங்கோ. எனக்கு இறங்குதில்லை."

"வெட்ட முந்தி நிப்பாட்டிப்போடுவன், தங்கச்சி. நான் ஒருநாளும் வெட்ட விட்டதில்லை."

உண்மைதான். கைதிகள் கோபுரத்தின் அடியில் வரிசையாக வந்து நின்றதும் அவர் பொத்தானை அமத்துவார். படம் அப்படியே நின்றுவிடும். எழுந்துபோய், மூச்சுப்பட்டுக் கண்ணாடி மங்கும் அளவுக்குக் கிட்ட நின்று, வரிசையில் இடமிருந்து நான்காவது ஆளைப் பார்ப்பார். பிறகு சாரத்தின் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படியேறிவிடுவார். மாயாக் கைதிகள் எங்கள் சாப்பாட்டை வெறித்துப் பார்த்தபடி நிற்பார்கள், மனேஜர் வந்து செய்திக்கு மாற்றும்வரை.

அந்த ஒரே இடத்தில் நிறுத்தி நிறுத்தி நான்கு டி.வி.டி. தட்டுகள் பழுதாகிவிட்டன. ஐந்தாவதை வாங்கிவந்து போட்டபோது அரசன் ஹிந்தியில் கர்ஜித்தான். மாற்றி வாங்கலாமே என்றேன். "தேவையில்லை ஐயா. நாலாவது ஆளுக்கு வசனம் இல்லை" என்றார் மெக்சிக்கோ.

காரணத்தை அவர் எனக்குச் சொல்ல ஒன்பது மாதம் எடுத்தது. ஒரே மகன். கனடாவுக்கென்று ஏஜென்சிக்காரன் அவனை டுபாய் கொண்டுபோய், அங்கிருந்து பிரேசில் கொண்டுபோய், பிறகு காடும் ஆறுமாக ஆறு நாடுகள் நடத்திக்கொண்டு போனான். கடைசியாக அவன் தொலைபேசியில் கதைத்தது மெக்சிக்கோவிலிருந்து.

"ஒரு கிழமைக்கு வேலை ஒண்டு கிடைச்சிருக்கு அப்பா எண்டான். என்ன வேலை எண்டு கேட்டன். சொல்ல முந்தி ரெலிபோன் காட் முடிஞ்சுபோச்சு."

அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. மூன்று வருடம் கழித்து, இதே கூடத்தில் யாரோ அந்தப் படத்தைப் போட்டிருக்கிறார்கள். கைதிகள் வந்து நிற்கிறார்கள். கை பின்னால் கட்டப்பட்ட நான்காவது ஆள், தோளைத் தூக்கி அதிலே மூக்கைத் துடைக்கிறான்.

"சின்னனில இருந்து அவன் அப்பிடித்தான், ஐயா. கை சும்மா இருந்தாலும் தோளாலதான் துடைப்பான். தாய் எத்தினை அடி அடிச்சிருப்பா."

அந்தக் காட்சி மூன்று செக்கன். நானும் பார்த்தேன். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் நிறம் கறுப்பு, உயரம் நடுத்தரம். மூக்கு எங்கள் ஊர் மூக்காகவும் இருக்கலாம், அந்த ஊர் மூக்காகவும் இருக்கலாம். சுண்ணாம்புக்குள் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஊரில் இருந்த தன் மனைவிக்கு மகனின் படம் அனுப்ப வேண்டும் என்று ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டார். இரண்டு பஸ். முதலாவதில் ஐம்பத்து மூன்று பேர், இருக்கை முப்பத்தெட்டு. கொட்டாஞ்சேனையில் பாஸ்போட் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரர் வயதானவர், பொறுமைசாலி. தட்டைக் கம்பியூட்டரில் போட்டு, நான்காவது ஆளைப் பெரிதாக்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"ஐயா, இந்த ஆளுக்கு உடுப்பே இல்லையே."

"போடுங்கோ. அதுக்குத்தானே வந்தனான்."

"சேர்ட்டா, கோட்டா?"

"கோட். ரையும் கட்டிவிடுங்கோ. வெளிநாட்டில நிக்கிறவன்."

"மூக்கில எலும்பு ஒண்டு குத்தியிருக்கு."

"அதை எடுத்துவிடுங்கோ. தாய் கண்டால் பேசுவா."

ஒரு மணித்தியாலத்தில் மாயாக் கைதி கருநீலக் கோட்டும் சிவப்பு ரையுமாக வெளியே வந்தான். முகத்துச் சுண்ணாம்பைத் துடைத்த ஸ்டூடியோக்காரர் காதுகளை மறந்துவிட்டார். நான் சுட்டிக்காட்டினேன். கடை பூட்டும் நேரமாகிவிட்டது என்றார். பஸ்ஸில் திரும்பும்போது மெக்சிக்கோ கடித உறையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். இருக்க இடம் கிடைத்தும் சாய்ந்து இருக்கவில்லை.

பத்து நாளில் மனைவி தொலைபேசி எடுத்தாள். அவர் எனக்கும் கேட்கட்டும் என்று கைபேசியை நடுவில் பிடித்தார். அந்தப் பெண் சொன்னாள்:

"காதைக் கழுவச் சொல்லுங்கோ அவனை."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள். மெக்சிக்கோ அன்று லொட்ஜ் முழுவதற்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். எனக்கு மட்டும் அதைக் குடிக்க முடியவில்லை. காரணம், கையில் கிடைப்பதைப் பின்பக்கம்வரை வாசிப்பது என் வழக்கம். படத் தட்டின் உறையையும் வாசித்துவிட்டேன். கீழ் மூலையில், எறும்பளவு எழுத்தில், படம் வெளியான ஆண்டு இருந்தது. பையன் கட்டுநாயக்காவில் விமானம் ஏறியதற்கு இரண்டு வருடம் முந்தியது.

என் வாழ்க்கையில் ஒரு பிழையைக் கண்டு திருத்தாமல் விட்டதில்லை. கோயில் ஐயர் நூற்றெட்டு நாமம் என்று சொல்லி நூற்றாறோடு முடித்தபோது எழுந்து நின்று சொன்னவன் நான். ஆனால் இதை ஐந்து மாதம் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒவ்வொரு பகலும் சொல்லப் போவேன். அவர் அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். திரும்பி வருவேன். நித்திரையும் கெட்டது, சமிபாடும் கெட்டது.

பிறகு ஒரு காலையில் மெக்சிக்கோ இருபத்தேழாவது படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். களுபோவில ஆஸ்பத்திரிக்கு மூன்று சக்கரத்தில் நான்தான் கொண்டுபோனேன். சில நாளில் வேறிடத்துக்கு மாற்றி, நெஞ்சைத் திறக்க வேண்டும் என்றார்கள்.

"என்னையும் படியேத்தப் போறாங்கள், ஐயா" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, என்னைக் கிட்ட வரச் சொன்னார். "திரும்பி வருவனோ தெரியேல்லை. போக முந்தி எனக்கு ஒண்டு தெரியவேணும். உங்கட கண் பிழை விடாது. மிச்சப் படத்தை நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ. ஏறினவன் இறங்கினவனோ?"

அன்று பகல் லொட்ஜ் கூடத்தில், தாளும் பென்சிலுமாக இருந்து, அந்தப் படத்தின் இரண்டாம் பாதியைப் பார்த்தேன். பொத்தானை அமத்தி அமத்தி மூன்று தடவை பார்த்தேன். ஏழாம் அறைப் பெண்ணும் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு வந்து, பக்கத்தில் இருந்து விரல்விட்டு எண்ணினாள். பூசாரி கத்தியை ஓங்கும்போதெல்லாம் என் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டாள். நல்ல சேர்ட். கசங்கிவிட்டது.

மறுநாள் பார்வையாளர் நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முந்திப் போய் வாசலில் நின்றேன். தாள் ஒரு பையில், படத்தின் உறை மறுபையில். இரண்டையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். நெஞ்சைத் திறக்கப் போகிற மனிதனுக்குப் பிழையான கணக்கைக் கொடுத்தனுப்பக்கூடாது.

அவர் எழுந்து இருக்கப் பார்த்தார். தாதி விடவில்லை.

"சொல்லுங்கோ."

"ஏறினவை இருபத்து மூண்டு பேர். ஏழு பேர் முடிஞ்சுது. நாலாவது ஆள் அந்த ஏழுக்குள்ள இல்லை. மூண்டு தரம் பாத்தனான்."

"இறங்கினவனோ?"

"காட்டேல்லை. எட்டாவது ஆளுக்குக் கத்தியை ஓங்க, எதிரிப் படை வந்து நெருப்பு வைக்குது. பிறகு ஒரே புகை. மிச்சப் பதினாறு பேரையும் கடைசிவரைக்கும் காட்டேல்லை."

அவர் கட்டில் விளிம்பைப் பிடித்து என் பக்கம் திரும்பினார்.

"காட்டாட்டி, சாகேல்லை எண்டுதானே, ஐயா?"

அளந்து பார்க்காத இடத்தை வரைபடத்தில் வெறுமையாக விடவேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. முப்பத்து மூன்று வருடம் நான் அதை மீறியதில்லை.

"ஓம்" என்றேன்.

மறுபைக்குள் கைவிட்டேன். உறை விரலில் பட்டது. அதற்குள் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நான் கிட்ட நிண்டு பாக்கேக்க கண் கலங்கிப்போகும், ஐயா. ஒருநாளும் வடிவாத் தெரியாது. நீங்கள் நல்லாப் பாத்தனீங்கள்தானே. பெடியன் மெலிஞ்சிட்டானோ?"

பையிலிருந்து வெறுங்கையை எடுத்து, அவர் கையின் மேல் வைத்தேன்.

"இல்லை" என்றேன். "நல்ல உடம்பாத்தான் இருக்கிறான்."