ஜஸ்டஸ் சட்டமும் டால்டா டின்களும்

ஈஸ்டர் முடிந்த மறுநாள் காலையில், காப்பித் தம்ளரைக் கீழே வைக்காமலே எங்கள் வீட்டுக்காரர் ஒரு சட்டம் போட்டார்.

"ஏட்டி ஞானபாக்கியம், இன்னையிலருந்து நம்ம புறவாசல்லருந்து ஒரு இலை சும்மா வெளிய போகக் கூடாது. ஒண்ணு குடுத்தா ஒண்ணு வாங்கணும்."

"இப்ப என்ன வந்துட்டு?"

"எதுத்த வீட்டு கோமதித்தாய்க்கு முல்லைப் பதியன் குடுத்தியா இல்லியா?"

"கேட்டா. குடுத்தேன்."

"பதிலுக்கு என்ன வாங்குன?"

"நல்லா இருங்கக்கான்னா. அதை வாங்கிக்கிட்டேன்."

"அதைத் தொட்டியில நட முடியுமாட்டி?"

இவர் பெயர் ஜஸ்டஸ். முப்பது வருஷம் பருத்தி மண்டியில் எடை போட்டு ஓய்வு பெற்றவர். ஒரு தட்டில் எதையாவது வைத்தால், மறு தட்டு வெறுமனே தொங்குவதை அவர் கண் பொறுக்காது. கீழ்ப்படிந்து நடப்பேன் என்று சர்ச்சில் பத்துப் பேர் முன்னால் வாக்குக் கொடுத்தவள் நான். கீழ்ப்படிந்தேன். அதுதான் வினை.

கறிவேப்பிலைக் கன்று போனது. பின்வீட்டு மகபூப் பீவியிடமிருந்து மருதாணி வந்தது. அவரை விதை ஒரு கை போனது. சுரை விதை இரண்டு கை வந்தது. கோமதித்தாய் முல்லைக்குப் பாக்கி என்று நாலு குரோட்டன்ஸ் கொண்டுவந்து இறக்கினாள். தெருவில் யார் வீட்டில் டால்டா டின் காலியானாலும் இவர் போய் நின்றார். மண்ணெண்ணெய் டின், ஓட்டை வாளி, மூக்குடைந்த பானை எல்லாவற்றிலும் செடி. துணி காயப்போடும் கொடியில் சுரைக்கொடி ஏறிவிட்டது. இவருடைய பனியனை எடுக்கப் போனால் கையில் பிஞ்சு வருகிறது. குளிக்கப் போகிறவர்கள் குரோட்டன்ஸிடம் "கொஞ்சம் தள்ளிக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

என் கவலை வேறு. ராயகிரியில் கட்டிக்கொடுத்த மகள் ஜெயசீலி தலைப்பிரசவத்துக்கு வருகிற நேரம். அந்த வருஷம் மழை கிடையாது. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர், அதுவும் பூனை ஒன்றுக்கிருந்த மாதிரி. பிள்ளை பெற்றவளுக்கும் பச்சைப் பிள்ளைக்கும் வெந்நீருக்கு எங்கே போக? எனக்கோ முழங்கால் மடங்காது.

"இங்கேருங்க, தெரு முக்கு அடிபம்புல தினம் ரெண்டு வாளி எடுத்துட்டு வந்தீகன்னா..."

"நானா? ஆம்பள தண்ணி சுமந்தா மண்டியில சிரிப்பானுவ."

நான் நாலு பிள்ளை பெற்றபோதும் கிணற்றடியை எட்டிப் பார்க்காதவர். இதற்கு மேல் கேட்டால் கோபம் வரும்.

அன்று சாயங்காலமே மருதாணி தலையைத் தொங்கப்போட்டது. பார்த்தார். சைக்கிளை எடுத்தார். ஹேண்டில்பாரில் பக்கத்துக்கு ஒரு வாளியை மாட்டிக்கொண்டு அடிபம்புக்குக் கிளம்பிவிட்டார்.

"செடிக்குச் சுமந்தா சிரிக்கமாட்டானுவளா?"

"மாத்து வாங்குன சரக்குட்டி இது. காயவிட்டா நமக்குல்லா நஷ்டம்."

ஆண்டவரே, என்னை ஒரு மருதாணியாகப் படைத்திருக்கக் கூடாதா என்று அன்று ராத்திரி ஜெபத்தில் கேட்டேன்.

ஜெயசீலி வந்தாள். பேத்தி பிறந்தாள். இவர் காலையும் மாலையும் சைக்கிளில் தண்ணீர் கொண்டுவந்து புறவாசல் சிமெண்டுத் தொட்டியை நிரப்பினார். நான் அந்தத் தொட்டியிலேயே மொண்டு வெந்நீர் போட்டேன். குரோட்டன்ஸ் நடுவில் பலகையைப் போட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டினேன். குளித்த தண்ணீர் நேராகச் செடிக்குப் போனது.

"தொட்டி என்ன இப்படிக் காலியாவுது?" என்பார்.

"வெயில் உறிஞ்சுதுல்லா."

வெயில் உறிஞ்சத்தான் செய்தது. மிச்சத்தை நான் சொல்லவில்லை.

ஆனி மாதம் இவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. தைலத்தைத் தேய்த்துக்கொண்டே, "இனிமே ஆவாதுட்டி. சட்டமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எல்லாத்தையும் சும்மா தூக்கிக் குடுத்துரு" என்றார்.

செடி போனால் தண்ணீர் போகும். பேத்திக்கு இன்னும் முப்பது நாள் ஆகவில்லை.

"சட்டம் போட்டவுக நீங்க. நீங்களே கொண்டுபோய்க் குடுங்க" என்றேன்.

அவர் குளித்துவிட்டு வருவதற்குள் எதிர்வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் ஒரு நடை போய் வந்தேன். அதிகம் பேசவில்லை. வீட்டுக்கு ஒரு வார்த்தை.

இவர் ஒரு டால்டா டின் குரோட்டன்ஸோடு எதிர்வீட்டுப் படியேறினார். அங்கே பேசுவது எங்கள் வாசலுக்குக் கேட்டது.

"கோமதித்தாய், இந்தா. சும்மா வச்சுக்கோ."

"சும்மாவா? ஆகாது அண்ணாச்சி. முல்லைக்கு நீங்க பேசுன பேச்சே இன்னும் காதுல கிடக்கு."

"அது அப்ப. இது இப்ப."

"எப்பன்னாலும் மாத்துத்தான். இந்தத் துளசியும் செவ்வந்தியும் கொண்டுபோங்க. தண்ணி ஊத்த எனக்கும் முடியல."

ஒன்றோடு போனவர் இரண்டோடு வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மருதாணி நின்ற டின்னைத் தூக்கிக்கொண்டு மகபூப் பீவி வீட்டுக்குப் போனார். கொடுத்துவிட்டு ஓட்டமாக ஓடிவந்து கதவைச் சாத்தினார். அரைமணி நேரத்தில் டின் திரும்பி வந்துவிட்டது. அதில் ஒரு செம்பருத்தி.

"ஏன் பீவி, டின்னை மட்டும் தந்தாப் போதாதா?"

"ஏனத்தை வெறுமனே திருப்பிக் குடுப்பாகளா அண்ணாச்சி? கறி குடுத்த கிண்ணத்துல கற்கண்டாவது போட்டுல்லா குடுப்போம்."

"இது கிண்ணமா? டால்டா டின்."

"டின்னும் ஏனந்தானே."

ஒரு வாரம் இதே கதை. பத்து கொடுத்தார். பதினேழு வந்தது. எடைபோட்டே பழகிய மனுஷன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் தொட்டி நிறைந்துகொண்டுதான் இருந்தது.

எட்டாம் நாள், சிரிப்பை அடக்க முடியாமல் மகபூப் பீவி சொல்லிவிட்டாள்.

"கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி. டின்னை வெறுமனே அனுப்பிராதன்னு ஞானம் அக்காதான் சொல்லிட்டுப் போனாக. செடி இருந்தாத்தான் நீங்க தண்ணி எடுப்பீகளாமே. பிள்ள குளிக்கணும்லா."

கக்கத்துக்கு ஒரு டின்னாக இவர் புறவாசலுக்கு வந்து நின்றார். நான் காலை நீட்டி, பேத்தியைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். சொம்பைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார்.

"அப்ப இத்தன நாளா நான் யாருக்குட்டி தண்ணி சுமந்தேன்?"

"பிள்ளைக்குக் கண்ணுல சோப்புப் பட்டுட்டு. தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல. சண்டைய வந்து போடுங்களேன்."

பிள்ளை வீரிட்டது. டின்களைத் தரையில் வைத்தார். சைக்கிளைத் திருப்பினார்.

பின்சுவருக்கு மேலாக ஒரு வாளி எட்டிப் பார்த்தது.

"அண்ணாச்சி, பம்புக்குத்தான போறீக? எங்க வாளியையும் மாட்டிக்கிடுங்க."