அலைக்கு நடுவில் பெண் கேட்ட கதை

பாண்டிச்சேரிக்காரன் என்றாலே கடலில் நீந்தி வளர்ந்தவன் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அட போங்கப்பா! கடலை விட்டுத் தள்ளி இருக்கும் கருவடிக்குப்பத்து ஆளான எனக்குக் கடல் என்பது பீச் ரோட்டில், பாறாங்கற்களுக்கு இந்தப் பக்கம் நின்று சுண்டல் தின்றபடி பார்க்கிற சமாச்சாரம். கல்லைத் தாண்டி இறங்கு என்றால் இன்றைக்கும் வீட்டைப் பார்த்து நடையைக் கட்டிவிடுவேன்.

அப்படிப்பட்டவன் கடலோர வைத்திக்குப்பத்து மலரைக் காதலித்தேன். (காதலிக்கும்போது இதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்?) கடலுக்குப் போகிற அவள் அப்பா புதிதாக ஃபைபர் போட் வாங்கியிருந்தார். புதுப் போட்டுக்குப் பூசை போட்டு, வேண்டியவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய்வருவது அவர்கள் வழக்கம்.

"அன்னிக்கு வா. அப்பாவுக்கு உன்னப் புடிச்சிட்டா நம்ம கல்யாணம் முடிஞ்ச மாதிரி" என்றாள் மலர்.

புதுப் பேன்ட், புது ஷூ சகிதம் போனேன். மாலையும் குங்குமமுமாக நின்ற போட்டில் ஷூ காலோடு ஏறினேன். கரையே "ஏய்ய்ய்!" என்று அலறியது.

"போட்டு எங்களுக்கு சாமி, தம்பி. மொதல்ல கழட்டு" என்றார் அவள் அப்பா. கழற்றி, கரையில் நின்ற மலரிடம் வீசினேன்.

நாலைந்து பேர் போட்டைத் தள்ளிவிட்டார்கள். முதல் அலையில் அதன் மூக்கு வானத்தைப் பார்த்தது, நான் பலகையைக் கட்டிப்பிடித்தேன். தொம்மென்று கீழே விழுந்தோம். நிமிர்ந்தால் இரண்டாவது அலை தலைக்கு மேலே நிற்கிறது! செத்தேன் என்றே முடிவு கட்டிவிட்டேன். பிள்ளையாரைக் கூப்பிட்டேன், மாதாவைக் கூப்பிட்டேன். கடைசியில் அவள் அப்பாவின் இடுப்பைப் பிடித்துத் தொங்கினேன். லுங்கி என் கையோடு வந்துவிட்டது. (நல்லவேளை, உள்ளே டிராயர்.)

"அல தாண்டிட்டா ஒண்ணும் இல்ல தம்பி!"

"திருப்புங்க மாமா!" (சம்பந்தம் பேசும் முன்பே மாமா!)

"என் பொண்ணக் கட்டப்போறவன் இதுக்கே இப்புடியா?"

"உங்க பொண்ணே வேணாம்! என்னக் கரையில உட்டுடுங்க!"

எஞ்சின் சத்தத்தையும் மீறி அது கரைவரை கேட்டதாம். அவர் போட்டைத் திருப்பினார். அப்போதுதான் அலையை விடப் பெரிய பயம் பிடித்தது. மலர் இனி எனக்கு இல்லை.

இறங்கியதும் மணலில் வாந்தி எடுத்தேன்.

"கேட்டியா? நீ வேணாமாம். அனுப்பி உடு" என்றார் மகளிடம். என் ஷூவைப் பிடித்தபடி நின்ற மலர் அவரைப் பார்த்தாள்.

"அவருதானப்பா வேணாம்னாரு. நான் சொன்னனா?"

அவர் குனிந்து தன் டிராயரைப் பார்த்தார். பிறகு, "மொதல்ல என் லுங்கியக் குடுக்கச் சொல்லு" என்றார்.

கல்யாணம் ஜோராக நடந்தது. ஆனால் அந்த வீட்டில் என் 'வேணாம்' அன்றோடு செல்லாக்காசு. போன ஞாயிற்றுக்கிழமை விருந்தில், வயிறு வெடிக்கும் நிலையில் இலையைக் கையால் மூடிக்கொண்டு, "அத்தை, மீன் போதும், நெஜமாவே வேணாம்" என்று கெஞ்சினேன்.

"நீ வையி, வையி" என்றார் மாமனார். "மாப்ள எத வேணாங்கிறாரோ, அத உடவே மாட்டாரு."