மாதா பீடத்தில் ஏறிய ஆப்பிள் பை

இயேசு மரி சூசை துணை

பொன்மலை,
வியாழக்கிழமை

அன்புள்ள தங்கச்சி பெலிண்டாவுக்கு அக்கா டோரதி எழுதிக்கொள்வது. மாதா தயவில் இந்த நிமிஷம் வரை எல்லோரும் சுகம். சாயங்காலம் எப்படியோ தெரியாது. போன்ல சொன்னா நீ ஸ்பீக்கர்ல போட்டு உறையூர் முழுக்கக் கேக்க வைப்ப, என் ஆபரேஷன் சமயத்துல செஞ்ச மாதிரி. நான் மறக்கலை. அதான் ஆட்டோ பிச்சமுத்துகிட்ட கொடுத்தனுப்புறேன்.

நம்ம பேரன் பிரவீன்ராஜ் கட்டப்போற அமெரிக்காக்காரப் பொண்ணோட அம்மா நான்சி, ஞாயிற்றுக்கிழமை நிச்சயத்துக்காக வந்து நம்ம வீட்லதான் தங்கியிருக்காங்க. இன்னைக்குக் காலையில "நான் பை செய்றேன்"னு நின்னாங்க. மைதா மாவுக்குள்ள ஆப்பிளை அடைச்சு மூடிச் சுடுற பண்டம். சும்மா பலகாரம்னு நினைச்சிடாத. அந்த ஊர்ல பக்கத்து வீட்டுக்குப் புதுசா ஆள் வந்தா பை, சாவு வீட்டுக்குப் பை, நன்றித் திருநாளுக்குப் பை. கடையில வாங்கிட்டுப் போனா முகம் சுளிப்பாங்களாம். பேத்தி அனிஷா காதுல ஓதினா: "அப்பாயி, அவங்க பாட்டி கைப்பக்குவம் இது. தன் கையால செஞ்சு தராங்கன்னா உங்களைச் சொந்தமா ஏத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். ஒரு துண்டாவது சாப்பிட்டுடுங்க, மானத்தை வாங்காதீங்க."

பக்கத்து வீட்டு மெஹ்ரீனோட ஓவன்ல சுட்டுக் கொண்டாந்து மேசையில வச்சாங்க. பாக்குறேன், நட்டநடுவுல கத்தியால கீறின சிலுவை! மந்திரிச்ச புனிதப் பண்டம்னு நினைச்சு, தூக்கிட்டுப் போய் மாதா பீடத்துல வச்சு, மெழுகுவர்த்தி கொளுத்தி, ஜெபமாலை ஆரம்பிச்சுட்டேன். பாதியில நான்சி கத்தியோட வந்து நிக்கிறாங்க. எனக்கு உசுரே போச்சு. கையைப் பிடிச்சுக்கிட்டு "சிலுவையை வெட்டுவீங்களா?"ன்னு கத்திட்டேன். அவங்க ஒண்ணும் புரியாம அடுப்படிக்குப் பாத்திரம் கழுவப் போனாங்க. கொஞ்ச நேரத்துல அழுதுகிட்டே ஓடி வந்து ரூம் கதவைச் சாத்திக்கிட்டாங்க. அனிஷா தலையில அடிச்சுக்கிறா: "அது சூடு வெளிய போறதுக்குப் போட்ட கீறல் அப்பாயி!"

பெலிண்டா, உள்ள மகளுக்குப் போன் போடுற சத்தம் கேக்குது. கல்யாணம் என்னால நின்னு போச்சுன்னா பிரவீன் முகத்துல எப்படி முழிப்பேன்? நீ டீச்சரா இருந்தவ, இங்கிலீஷ் தெரிஞ்சவ. உடனே வந்து எனக்காக மன்னிப்புக் கேளு. உன் பேத்தி புதுநன்மை வாங்கின விருந்துக்கு நான் செஞ்ச கேக்கைச் செங்கல்னு சொன்னியே, அதைக்கூட இன்னைக்கு மன்னிச்சுட்டேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். மாதா உங்களையெல்லாம் காப்பாத்தட்டும், நேரம் இருந்தா என்னையும்.

இப்படிக்கு,
அக்கா டோரதி

பி.கு.: வராத. கவரை ஒட்டுறதுக்குள்ள நான்சி வெளிய வந்துட்டாங்க. கையில நம்ம உப்பு ஜாடி. ஒரு சிட்டிகை என் நாக்குல வச்சாங்க, பையைக் காட்டினாங்க, உதட்டுல விரலை வச்சுக் காட்டிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. சர்க்கரைன்னு நினைச்சு உப்பை அள்ளிப் போட்டிருக்காங்க! கழுவப் போன கிண்ணத்தை வழிச்சு வாயில வச்சப்பதான் தெரிஞ்சிருக்கு. இப்ப ரெண்டு பேரும் பீடத்துக்கு முன்னால முட்டி போட்டிருக்கோம். யாராவது கிட்ட வந்தா "சிலுவை, தொடக்கூடாது"ன்னு நான் அதட்டுறேன், சம்பந்தியம்மா கண்ணை இறுக்க மூடிக்கிட்டுத் தலையாட்டுறாங்க.