கழுதைக்குப் பிறகு நான்

கீரி, மன்னார்.
ஞாயிறு, பூசை முடிந்த கையோடு.

எங்கள் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய மாமா, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் செபஸ்தியாம்பிள்ளை அவர்களுக்கு,

மருமகன் வலன்ரைன் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. மருதமடு மாதாவின் இரக்கத்தால் இங்கு நானும் உங்கள் மகள் லூசியாவும் பேத்தி றொசானாவும் சுகம். பாப்பாமோட்டையில் நீங்களும் வயலும் உங்கள் முழங்காலும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் போனில் ஏதோ பிழை, கிணற்றுக்குள் இருந்து கதைப்பது போலத்தான் குரல் வருகிறது. ஆகையால் கடிதம், நாளைக் காலைப் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

விடயம் இதுதான். றொசானாவை அந்தப் பாலர் நேசரியிலிருந்து நிற்பாட்ட வேண்டும். நான் சொன்னால் லூசியா கேட்கிறாள் இல்லை. நீங்கள் ஒரு வரி எழுதினால் கேட்பாள், உங்கள் பூவரசங்கம்புக்கு அவளுக்கு இன்றைக்கும் பயம். தை மாதம் பெரிய பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைக்கு 'அ' எழுதத் தெரியாது மாமா.

நாற்பது வருசம் கம்பும் கையுமாகப் படிப்பித்த நீங்கள் இதைக் கேட்டால் தாங்கமாட்டீர்கள். அங்கே கதிரை மேசை வரிசை இல்லை, கரும்பலகை இல்லை. யசிந்தா ரீச்சர் பாயைப் போட்டுப் பிள்ளைகளோட குந்தியிருந்து, "இண்டைக்கு என்ன அறிய ஆசை?" எண்டு கேக்கிறாவாம். பிள்ளைகள் சொல்லுறதுதான் பாடம். செயற்திட்டமாம். போன மாதம் வாசல்ல ஒரு கழுதை நிண்டிருக்கு. மன்னாரில கழுதை நிக்கிறது ஒரு புதினமே? ஆனா றிம்ஷா எண்ட சின்னன், "அதுக்கு ஏன் இவ்வளவு பெரிய காது?" எண்டு கேட்டிட்டாள், முடிஞ்சுது அலுவல், மூண்டு கிழமை கழுதைதான். நூலால காதை அளந்தவை, பின்னால நிண்டு சிரட்டை தட்டி எத்தினை கவடு எட்டி வைச்சுத் தள்ளி நிண்டாலும் கேக்குதெண்டு பாத்தவை, சுவர் முழுக்கக் கழுதை கீறினவை. அதோட விட்டாலும் பரவாயில்லை. கழுதைக்கு வெயில் சுடுதாம், கொட்டில் போடவேணுமாம். "எங்கட அப்பாட்ட வலை இருக்கு" எண்டு எங்கட செல்லம் சொல்ல, லூசியாவும் என்ர நண்டு வலையைத் தூக்கிக் குடுத்திட்டாள். நான் கடலால வந்து பாக்கிறன், கழுதை வலைக்குக் கீழ நிண்டு அதின்ர ஓரத்தையே சப்பிக்கொண்டு நிக்குது.

போய் நியாயம் கேட்டன். அமைதியாத்தான் கேட்டன், ஆனா பாயில இருந்த பிள்ளைகள் எல்லாம் காதைப் பொத்தினவை. ரீச்சர் ஏதோ முணுமுணுத்தா. இந்தக் காலத்தில ஒருத்தருக்கும் வாய் திறந்து கதைக்கத் தெரியாது. சாமியாரின்ர பிரசங்கமும் முணுமுணுப்பு, கோயில் ஸ்பீக்கரைத் திருத்த ஒரு நாதியில்லை. வீட்டில லூசியாவும் முணுமுணுப்பு. நேசரி துடங்கின நாளில இருந்து றொசானாவும் அப்பிடித்தான். முந்தி என்ர போட் கரை தட்டமுன்னம் ஓடி வருவாள். இப்ப கூப்பிட்டா தாயின்ர சட்டைக்குப் பின்னால நிண்டு ஏதோ சொல்லுறாள், "பலத்துச் சொல்லு" எண்டா கண் கலங்குது. வலை போனாப் போகட்டும் மாமா, பிள்ளை என்னை விட்டுப் போறாள், அதைத்தான் என்னால தாங்கேலாமக் கிடக்கு.

இப்ப அடுத்த செயற்திட்டத்துக்கு சிப்பி போட்டு வாக்கெடுத்தவையாம். வெண்ட கேள்வி, "றொசானாவின்ர அப்பா ஏன் கத்துறார்?" கேட்டது ஆரெண்டு நினைக்கிறீங்கள், என்ர மகள்தான். கழுதைக்குப் பிறகு நான். செவ்வாய்க்கிழமை என்னைப் பாக்க வருகினமாம். அதுக்கு முன்னம் உங்கட வரி லூசியாவின்ர கையில இருக்கவேணும்.

லூசியாவின் அன்பும், றொசானாவின் எச்சில் முத்தமும், உங்கள் முழங்காலுக்கு எங்கள் வீட்டுச் செபமாலையில் தனியாக ஒரு மணியும்.

இப்படிக்கு,
உங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும் மருமகன்,
வலன்ரைன்

பி.கு.: செவ்வாய் பின்னேரம். கடிதம் சட்டைப் பையிலயே கிடந்திட்டுது. கழுதைப் பகுதி நல்லா வந்திருக்கிறதால கிழிக்க மனமில்லை, கீழ எழுதுறன்.

பதினொரு பேர் வந்தவை. என்னைக் கவிட்டு வைச்ச போட்டில இருத்தி நூலால காதை அளந்தவை. கழுதையின்ரையில கால்வாசியும் இல்லையாம். கண்ணைப் பொத்தி, காதை ஒவ்வொண்டா மாறி மாறி அடைச்சுப்போட்டு சிரட்டை தட்டினவை. வலக்காதுக்குப் பதினாறு கவடு மட்டும் கேட்டுது. இடக்காது மூண்டு கவட்டிலயும் ஒண்டுமில்லை. ஒருத்தரும் சிரிக்கேல்லை. றிம்ஷா தாளில மூண்டு கோடு கீறினாள். றொசானாதான் கேட்டாள், "அப்பா, போட் எஞ்சினை எந்தக் கையால பிடிக்கிறனீங்கள்?" இடக்கையால, இருபத்திரண்டு வருசமா, அது கத்துறது இடக்காதுக்குள்ளதான்.

பிறகு அவள் சுத்தி என்ர வலப்பக்கம் வந்து, காதோட வாயை வைச்சு, "இப்பக் கேக்குதா?" எண்டாள். கேட்டுது மாமா. எனக்குக் கண் முட்டிட்டுது. இவ்வளவு நாளும் அவள் இடப்பக்கம் நிண்டு கதைச்சிருக்கிறாள்.

உங்கட போனில பிழை இல்லை. அந்த ஒரு வரியை எழுத வேண்டாம். ஆனா ஒரு விசயம்: அடுத்த கேள்வி தேடிக்கொண்டு நிண்டவைக்கு உங்கட பூவரசங்கம்பைப் பற்றி வாய் தவறிச் சொல்லிப்போட்டன். வாற வெள்ளி பதினொரு பேரும் பாப்பாமோட்டைக்கு வருகினம். கம்பை ஒளிக்க வேண்டாம், அளக்க வேணுமாம்.