கட்டாயிருச்சு ஐயா

நெட் போனால் உலகம் முழுக்கக் கம்பெனிக்காரனைத் திட்டும். நெட் போனால் ஆளே போய்விட்டார் என்று நடுநடுங்கிய ஒரே மனிதரை இந்தப் பூமியில் எனக்குத்தான் தெரியும். வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. ஆனால் திரையில் யார் முகம் நின்றுபோனாலும் 'கட்டாயிருச்சு' என்று அலறுவதால், எங்கள் ஆன்லைன் வகுப்பில் அவர் கட்டாயிருச்சு ஐயாதான்.

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன சபைகளின் போதகர்களுக்காக நடந்த வகுப்பு அது. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் செல்போன் திரையில் வந்து வேதபாடமும் சபை நடத்தும் முறையும் சொல்லித்தருவார். பைபிள் காலேஜுக்குப் போக வசதியோ நேரமோ வாய்க்காத நாங்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து கேட்போம். எனக்கு அது கடைசி முயற்சி. நாகல் நகரில் வாடகை ஹாலில் நான் நடத்திய சபையிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கழன்றுகொண்டிருந்தார்கள். இந்தப் படிப்பிலும் ஒரு வழி பிறக்காவிட்டால் ஊழியத்தை விட்டுவிட்டு, திருப்பூரில் மச்சானின் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவது என்று வீட்டில் பேசி வைத்திருந்தோம்.

ஐயா நத்தம் பக்கத்துப் போதகர். அவர் சபையில் ஒருவர் ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை என்றால், திங்கள்கிழமை காலையில் அந்த வீட்டு வாசலில் ஐயாவின் டிவிஎஸ் ஃபிஃப்டி நிற்கும். அந்தப் பழக்கத்தை அப்படியே ஆன்லைனுக்கும் கொண்டுவந்துவிட்டார். எங்கள் பெயரெல்லாம் அவருக்கு வேண்டாம், ஊர்தான் பெயர். நான் திண்டுக்கல்.

முதல் வாரமே ஆயக்குடி போதகரின் முகம், வாய் பாதி திறந்தபடி திரையில் உறைந்து நின்றுவிட்டது.

"ஐயய்யோ, ஆயக்குடிக்கு வாய் கோணிக்கிருச்சு. யாராச்சும் ஓடிப்போயித் தூக்குங்கய்யா" என்ற ஐயா, பதிலுக்குக் காத்திராமல் ஆயக்குடி பாஸ்டரம்மாவுக்குப் போன் போட்டுவிட்டார். அந்த அம்மா தோசைக்கரண்டியோடு ஓடிவந்து போட்ட அலறலில்தான், அதுவரை குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து பாடம் கேட்ட மனுஷன் நாற்காலியோடு கவிழ்ந்தார்.

இன்னொரு நாள் பேராசிரியரே உறைந்துபோனார்.

"சாரு கட்டாயிருச்சு. எல்லாரும் செத்த நேரம் கண்ண மூடுங்க" என்றார் ஐயா. ஜெபம் என்றால் மறுக்க முடியுமா? நெட் திரும்பியபோது பேராசிரியர் பார்த்தது, தன் மனைவி மக்களுக்கு ஆறுதல் வேண்டி உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்த எங்களை. "நான் இருக்கேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது குழு விவாதம் நடந்த நாள். பேராசிரியர் எங்களைச் சின்னக் குழுக்களாகப் பிரித்துத் திரையிலேயே தனித்தனி அறைகளுக்கு அனுப்பினார். ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். ஐயா அமுக்கவில்லை. அவர் கண்ணெதிரே முகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன, கடைசியில் பேராசிரியரும் மறைந்தார். இரகசிய வருகையில் கர்த்தர் தம்முடையவர்களைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள் என்று காலமெல்லாம் பிரசங்கித்தவர் அவர். போனைக் கீழே போட்டுவிட்டு வெளியே ஓடியிருக்கிறார். வாசலில் அவர் மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீயும் போகலையா?"

"எங்க போகச் சொல்றீக? அடுப்புல உலை கொதிக்குது."

அவரே வகுப்புக்குத் திரும்பி வந்து இதைச் சொன்னபோது வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "இம்புட்டுப் பேரும் போயிட்டீக, நான் மட்டும் நிக்கிறேன்னு நெனச்சேன்யா" என்றார்.

அடுத்த வாரம் பேராசிரியர் ஒரு வேலை கொடுத்தார். 'என் சபை வளர்ந்த விதம்' என்று ஒவ்வொருவரும் பேச வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குக் கன்வென்ஷன் கூட்டத்தையும் ஞானஸ்நானத்தையும் படம் படமாகப் போட்டார்கள். என்னிடம் இருந்தவை காலி நாற்காலிகள். முதலில் கேமராவை அணைத்தேன். அப்புறம் வகுப்புக்கே போகவில்லை. "இங்கே நெட் சரியில்லை" என்று குழுவில் ஒரு வரி போட்டேன். எல்லோரும் ஒரு கும்பிடு பொம்மையைப் பதிலுக்குப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள். ஐயா மட்டும் போன் மேல் போன் அடித்தார். நான் எடுக்கவில்லை. வர்ற திங்கள்கிழமை வந்துவிடுகிறோம் என்று மச்சானிடம் சொல்லிவிட்டு, பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வகுப்பு தொடங்கும் நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், வேர்த்து விறுவிறுத்து ஐயா நிற்கிறார்.

"இருக்கீகளா?" என்று என் தோளைத் தொட்டுப் பார்த்தார். "இருக்கீக. ஸ்தோத்திரம்."

நத்தத்தில் பஸ் ஏறி வந்து, பாஸ்டர் வீடு எது என்று விசாரித்து அலைந்திருக்கிறார். திண்டுக்கல்லில் பாஸ்டர்களுக்கா பஞ்சம்? போன வீட்டிலெல்லாம் வேறு வேறு பாஸ்டர்கள் அவரை உட்கார வைத்து, காபி கொடுத்து, ஜெபம் பண்ணி அனுப்பியிருக்கிறார்கள். தண்ணீர் குடிக்கும்போதுதான் சாக்கு மூட்டைகளைப் பார்த்தார்.

"பயணமா?"

"திருப்பூருக்கு ஐயா. மச்சான் கம்பெனிக்கு. ஊழியத்த விட்டுறலாம்னு இருக்கேன்."

வசனம் சொல்வார், புத்தி சொல்வார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க நெட்டு நல்லா எடுக்குமா?"

நான் ஒரு சாக்கின் வாயை இழுத்துக் கட்டினேன்.

"அப்ப கிளாஸ்ல திண்டுக்கல்லுன்னு நான் யாரைக் கூப்புடுறது?" என்றார். குரல் உடைந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. ஆயக்குடி போதகர்.

"ஏனுங்க, நம்ம கட்டாயிருச்சு ஐயாவக் காணோமுங்க. போனும் எடுக்க மாட்டேங்குறாரு. சாருக்குக் கையும் ஓடல காலும் ஓடல, பாடத்தையே நிறுத்திட்டாருங்க. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமுங்களா?"

பஸ்ஸில் யாராவது பிக்பாக்கெட் அடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஐயா தன் போனை வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தார். நான் வகுப்புக்குள் நுழைந்து கேமராவைப் போட்டேன். கட்டம் கட்டமாகப் பதறிய முகங்கள். அவரைக் கேலி செய்த அத்தனை பேரும் இருந்தார்கள்.

ஐயா மூக்கு இடிக்கும் அளவுக்குத் திரையை நெருங்கினார். "நான் இருக்கேன் சார். திண்டுக்கல்லும் இருக்காரு." பிறகு என் பக்கம் திரும்பி, சத்தத்தைக் குறைத்து, "இருக்கீகல்ல?" என்று கேட்டார்.

"இருக்கேன் ஐயா."

மூட்டைகளை ஏன் அவிழ்த்தாய் என்று மச்சான் இன்றைக்கும் கேட்கிறார். ஊழியத்தில் நிலைத்திருப்பவர்கள் அழைப்பு, தரிசனம் என்று பெரிய பெரிய காரணங்கள் சொல்வார்கள். என் சபை இன்னும் சின்னதுதான். ஆனால் நான் போய்விட்டால் நத்தத்தில் ஒரு மனிதர் பயந்துபோவார். அவரைப் பயமுறுத்த எனக்கு மனசு வரவில்லை.